ஆட்டுக்கொட்டகையில் ஏழாம் சங்கு

ஆற்றங்கரையின் அபாயச் சங்குகள் பன்னிரண்டையும் சோதனைக்காக அணைத்தாயிற்று என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னவன் சஹாத். சற்று நேரத்தில் சங்கு ஒன்றை அலற வைத்தவனும் அவனே. இரண்டுக்கும் நடுவில் நடந்தது ஒரு பொட்டலம் தெம்பே, அதாவது சோயாக்கட்டிப் பொரியல் மட்டும்தான்.

ஜீப்பின் முன் இருக்கையில் அவன் மடிமேல் ஓர் ஒலிபரப்புப் பெட்டி இருந்தது. போன வெள்ளிக்கிழமை யாரோ சங்குகளைப் பொய்யாக ஊத வைத்தார்களே, அந்த ரேடியோ உத்தரவின் நகல் அதற்குள் பத்திரமாக இருந்தது. பொத்தானை அழுத்தினால் அதே உத்தரவு மறுபடி காற்றில் கிளம்பிவிடும். அதனால்தான் பொத்தானுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. பெட்டியைத் துடைக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று காலையில் அந்த மூடியைக் கழற்றிய அறிவாளி யார் என்பதை இங்கே ஆராய வேண்டாம். இடது கையில் பொட்டலம் சுட்டது. வலது கையில் பச்சை மிளகாய். பெட்டியின் தலை தட்டையாக, வசதியாக இருந்தது. வைத்தான்.

சலாக் பழத்தோட்டத்துக்கு அப்பாலிருந்து சங்கு அலறியது.

"சஹாத்," என்றார் பக்கத்து இருக்கையிலிருந்த இபு ஹெஸ்தி, அதாவது ஹெஸ்தி அம்மா. குரல் உயரவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "பொட்டலத்தை எடு."

"எடுத்துட்டேன் இபு."

"சங்கு நிக்கலையே."

"அது பொட்டலம் பேச்சைக் கேக்கற சங்கா தெரியலை இபு."

சேற்றுவெள்ளத்துக்காக வைத்த சங்குகள் அவை. மெராப்பி எரிமலையின் உச்சியில் மழை கொட்டினால் சாம்பலும் பாறையும் சேர்ந்து இறங்கும். சங்கு கேட்டால் ஆற்றுப்படுகையில் மணல் அள்ளுபவர்கள் ஏறிவிட வேண்டும், கரையிலிருப்பவர்கள் மேட்டுக்கு ஓட வேண்டும். ஓடினார்கள். மோட்டார் சைக்கிள்கள் சந்திலிருந்து பீறிட்டன. ஒரு பெண் இடுப்பில் குழந்தையும் தோளில் பாயுமாக வந்தாள். சஹாத் ஜீப்பிலிருந்து குதித்து, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றான்.

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. என் தப்புதான். திரும்பிப் போங்க."

பாய்க்காரி நின்றாள். மூச்சு வாங்கியபடி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"போன வாரம் ஓடினப்போ என் தம்பி ஙாதியோ லாரிக்கு அடியில போனான், மாஸ்," என்றாள். "இன்னைக்கு யாரைக் காவு கேக்குறீங்க?"

எந்த நேரத்திலும் ஒரு வேடிக்கைப் பேச்சு கைவசம் வைத்திருப்பவன் சஹாத். தூக்கிய கைகளை இறக்கி, ரோட்டோரமாக ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டான். அவள் பாயை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

சங்கு ஒரு விக்கலோடு ஓய்ந்தது.

"முட்டாள்தனம்தான்," என்றார் ஹெஸ்தி, சங்கு ஓய்ந்த திசையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா கொஞ்சம் யோசி. பன்னிரண்டையும் அணைச்சிருக்கோம். அப்போ கத்தினது யாரு?"

ஹெஸ்தி ஐம்பதைத் தாண்டியவர். பல்கலைக்கழகத்தில் மறைக்குறிக் கணிதம் நடத்திவிட்டு, இப்போது கணினிகளுக்குள் நுழைந்த திருடர்களைத் தேடுவதைத் தொழிலாக வைத்திருக்கிறார். மெலிந்த உடம்பு, எப்போதும் ஒரே சாம்பல் நிறத் தலைத்துணி. அவருடைய உதவியாளன் சஹாத், சுமத்ராவின் பாத்தாக் மலைக்காரன். அவன் ஊரில் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பார்கள். யோக்யகர்த்தாவுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் 'மாஸ்', அதாவது 'அண்ணே', என்று இனிக்க அழைக்கும் இந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்துகூட அவனால் ஆமாம், இல்லை என்று நேராக வாங்க முடியவில்லை. இங்கே 'பார்க்கலாம்' என்றால் முடியாது. 'நல்ல யோசனை' என்றால் வாயை மூடு.

லிந்தாங்கும் அப்படித்தான். ஐந்து நாளாகக் காவல் நிலையத்தில் இருக்கிறாள். பல்கலைக்கழகக் கணினிப் பாதுகாப்பு ஆய்வகத்தின் முனைவர் பட்ட மாணவி. மூன்று மாதத்துக்கு முன் ஒரு கருத்தரங்கில், இந்தச் சங்குகளின் உத்தரவை யார் வேண்டுமானாலும் பிடித்து வைத்து மறுபடி ஒலிபரப்பலாம் என்று படம் போட்டுக் காட்டினாள். அன்றைக்கு சஹாத் அடித்த ஒரே ஜோக்குக்குச் சிரித்தவளும் அவள்தான். போன வாரம் அவள் சொன்னபடியே நடந்தது. ஓர் உயிர் போயிற்று. திருட்டுக்கு வழி சொன்னவளே திருடி என்று போலீஸ் முடிவு கட்டியது. தினமும் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்து, "நீயா?" என்று சஹாத் கேட்பான். "நீங்க சாப்பிட்டீங்களா, பாங்?" என்பாள் அவள்; 'பாங்' என்றாலும் அண்ணன்தான். இன்று மாலை இன்ஸ்பெக்டர் டானாங் கோப்பை அரசு வழக்கறிஞருக்கு அனுப்புகிறார். அனுப்பிவிட்டால் சிறைதான்.

"அவ இல்லை இபு," என்றான் சஹாத் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டே.

"எதை வச்சு சொல்றே?"

"மனசை வச்சு."

"கோர்ட்டுல மனசுக்கு சாட்சிக்கூண்டு கிடையாது. இடது பக்கம் திருப்பு."

*

சங்கு இருந்த இடம் ஓர் ஆட்டுக்கொட்டகை. மூங்கில் தட்டிக்குப் பின்னால், புல்கட்டுகளுக்கு நடுவே, நீலத் தார்ப்பாய் பாதி விலகிய நிலையில் துருப்பிடித்த பெரிய கூம்பு ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் 7. ஐந்தாறு ஆடுகள் கடைசி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. ஒன்று மட்டும் எதையோ மென்றுகொண்டு, நடந்ததெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் நின்றது.

கொட்டகைக்காரர் பாக் காஸ்தி, அதாவது காஸ்தி ஐயா. இந்தக் குடியிருப்பின் தலைவர், ஆற்றுக் காவல் தொண்டர்களுக்கும் அவரே தலைவர். இடுப்பில் ஒரு வாக்கி-டாக்கி தொங்கியது. முகத்தில் ஒரு புன்னகை. அது எதற்கும் பதில் சொல்லாத வகைப் புன்னகை.

"இது எப்படி இங்க வந்துச்சு பாக்?" என்றான் சஹாத்.

"பழசு, மாஸ்."

"பழசுன்னு தெரியுது. யார் கொண்டுவந்தாங்க?"

"எங்கயாவது இருக்கணுமே. இங்க இருக்கு."

சஹாத் வானத்தைப் பார்த்தான். உச்சியில் மேகம் கறுத்துக் கிடந்தது.

ஹெஸ்தி கூம்பைத் தொடாமல் அதைச் சுற்றி வந்தார். "பாலத்துப் பக்கம் கரை சரிஞ்சப்போ ஏழாம் நம்பரைக் கழட்டிட்டு, அதே இடத்துல பதிமூணாம் நம்பரை மாட்டினாங்க. இல்லையா பாக்?"

"இருக்கலாம் இபு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம்."

"போன வெள்ளிக்கிழமை அந்தப் பதிமூணு ஊதுச்சா?"

காஸ்தி தொண்டையைச் செருமினார். "பாலத்துக்காரங்க ஒரு சத்தமும் கேக்கலைங்கறாங்க. ஆய்வகத்துல இருந்து வந்து பாத்துட்டு, ஏதோ பழுதுன்னுட்டுப் போனாங்க. எங்க ஆளுங்களுக்குக் காதுல கோளாறாவும் இருக்கலாம்."

"தெருவுக்கே ஒரே நாள்ல காது அடைச்சுக்கிச்சாக்கும்," என்றான் சஹாத். சொல்லி முடிக்கும் முன் அவன் வாய் திறந்தபடியே நின்றது. "இபு. உத்தரவு பழசு."

"சொல்லு."

"ஒவ்வொரு உத்தரவுலயும் எந்தெந்தச் சங்கு ஊதணும்னு நம்பர் இருக்கு. வெள்ளிக்கிழமை வந்த உத்தரவுக்குப் பதிமூணைத் தெரியாது. அதான் அது ஊதலை. ஆனா ஏழைத் தெரியும். அதோட நகலைத்தானே நான் இப்போ, அதாவது என் பொட்டலம் இப்போ அனுப்புச்சு. ஏழு கத்திடுச்சு. அப்படின்னா அது ஏழு கரையில நின்ன காலத்துல பிடிச்ச உத்தரவு."

காஸ்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரகசிய எழுத்துல பூட்டி அனுப்புறாங்க, யாராலயும் உடைக்க முடியாதுன்னு, சங்குங்களுக்குப் பொறுப்பா இருக்கற டாக்டர் வார்தோயோ கூட்டத்துல சொன்னாரே."

"பூட்டை யாரும் உடைக்கலை பாக்," என்றான் சஹாத். "சினிமாக் கொட்டகையில டிக்கெட்டைக் கிழிக்காம உள்ள விடுறான்னு வைங்க. டிக்கெட் அசல்தான். ஆனா அதே டிக்கெட்டை வச்சுக்கிட்டு மறுநாளும் போகலாம், அடுத்த வருஷமும் போகலாம். இந்தச் சங்குங்க முத்திரை அசலான்னு பாக்குது. என்னைக்குக் குடுத்ததுன்னு பாக்கறதில்லை."

"நிறுத்தற உத்தரவுக்கும் அதே கதைதான்," என்றார் ஹெஸ்தி. "நிஜமா வெள்ளம் வரும்போது எவனாவது பழைய நிறுத்தல் உத்தரவைப் போட்டா, எல்லாச் சங்கும் வாயை மூடிக்கும்."

காஸ்தியின் புன்னகை கொஞ்சம் சுருங்கியது.

சஹாத்துக்கு நிற்க முடியவில்லை. "ஏழைக் கழட்டினப்போ லிந்தாங் சுரபாயாவுல வேலை பாத்துக்கிட்டிருந்தா. அவ இங்க வந்ததே அதுக்கப்புறம். அவளால இந்த உத்தரவைப் பிடிச்சிருக்கவே முடியாது." போனை எடுத்துவிட்டான்.

"சஹாத், கொஞ்சம் பொறு."

அவன் ஏற்கனவே பேசிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் டானாங் மறுமுனையில், "அப்படியா, நல்ல விஷயம், பார்க்கலாம்," என்றார். சஹாத் விடவில்லை. ஏழையும் பதிமூன்றையும் மூன்று முறை விளக்கினான். கடைசியில் டானாங், அறையிலிருந்து அவளை வெளியே கொண்டுவந்து உட்கார வைப்பதாகவும், எழுத்தில் கொடுத்தால் இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

"முடிச்சுட்டேன் இபு," என்றான், முகமெல்லாம் பல்லாக.

"சந்தோஷம். இப்போ அந்த பேட்டரியைத் தொட்டுப் பாரு."

தொட்டான். கூம்பு முழுக்கத் துருவும் ஆட்டுப் புழுதியும். பேட்டரி மட்டும் கடையிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல் வழுவழுவென்றிருந்தது. கம்பி முனைகள் சுத்தமாகச் சுரண்டி, இறுக்கி, நாடா சுற்றப்பட்டிருந்தன.

"ரெண்டு வருஷம் கிடந்த ஓட்டைச் சங்கு தானா கத்துமா?" என்றார் ஹெஸ்தி. "யாரோ இதுக்குச் சாப்பாடு போட்டு வளக்கறாங்க. இன்னொண்ணு. இதை வச்சு யாராவது பரிசோதனை பண்ணியிருந்தா, ஊரே இதுக்குள்ள ஓடியிருக்கணும். ஏன் யாருக்கும் கேக்கலை?"

"வாயை அடைச்சிருப்பாங்க."

"எதை வச்சு?"

சஹாத் கூம்புக்குள் கையை விட்டான். ஒன்றுமில்லை. உள்பக்கத் துருவில் மட்டும் கரும்பச்சை நூல் பிசிறுகள். மெல்லத் தலையைத் திருப்பினான். மூலையில் அந்தச் சம்பந்தமில்லாத ஆடு இன்னும் மென்றுகொண்டிருந்தது. அதன் வாயோரத்தில் கரும்பச்சையாக ஏதோ தொங்கியது.

அடுத்து நடந்த போராட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் சுற்றில் ஆடு வென்றது. இரண்டாவது சுற்றில் சஹாத் புழுக்கையில் உட்கார்ந்தான். மூன்றாவதில் காஸ்தி ஒரு கைப்பிடி பலாத்தழையை நீட்ட, ஆடு தானாக வாயைத் திறந்தது. சஹாத்தின் கைக்கு வந்தது ஒரு முழுக்கை. பல்கலைக்கழக மாணவர்கள் சேரும்போது வாங்கிக்கொண்டு, பிறகு பெட்டியில் போட்டுவிடும் கரும்பச்சை மேல்சட்டையின் கை; மிச்சத்தை ஆடு ஏற்கனவே தின்றிருந்தது. அதன்மேல் ஒரு பூட்டும் ஒரு மலையும் தைத்திருந்தன. பாதுகாப்பு ஆய்வகத்தின் சின்னம்.

"அந்த ஆய்வகத்துல இருந்து எத்தனை பேர் பாக் இந்த ஆடுங்களைப் பாக்க வருவாங்க?" என்றார் ஹெஸ்தி மிக மென்மையாக.

காஸ்தி தழைக்கட்டை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். "அந்தப் பொண்ணு ஆடுங்ககிட்ட ரொம்ப நல்லபடியா நடந்துக்கும் இபு."

"பழைய உத்தரவு அதுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"தொண்டர் ரேடியோவுல வர்றது எல்லாத்தையும் நாங்க பதிஞ்சு வைப்போம். மலையைப் பத்தி என்னைக்கு எது தேவைப்படும்னு தெரியாது இல்லையா. படிக்கிற பிள்ளைங்க கேட்டா குடுக்கறதுதான்."

சஹாத் புழுக்கையிலிருந்து எழவில்லை. அவளை வெளியே கொண்டுவந்த காரணமே இப்போது அவளையே காட்டிக்கொடுத்தது. பழைய உத்தரவு அவளிடம் இருந்தது. அது வேலை செய்கிறதா என்று இங்கே, வாயை அடைத்து, ஊர் பயப்படாமல் பார்த்திருக்கிறாள். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமையும் இங்கதான் இருந்தாளா?" என்றான்.

"வந்துட்டுப் போனாப்ல இருந்துச்சு."

"பாக், தயவுசெஞ்சு."

காஸ்தி ஆற்றின் பக்கம் பார்த்தார். இந்தத் தடவை புன்னகை இல்லை. "வெள்ளிக்கிழமை மேல மழை. காவல் மேட்டுல இருந்து எங்க ஆளு தண்ணி இறங்குதுன்னு ரேடியோவுல கத்தினான். கட்டுப்பாட்டு அறையில கேட்டா, எங்க திரையில ஒண்ணும் இல்லைன்னாங்க. மேல இருக்கற உணர்கருவி செத்து மாசக்கணக்காச்சு."

"தண்ணி வந்துச்சா?"

"தடுப்பணை வரைக்கும் வந்து நின்னுடுச்சு. கீழ யாரும் பாக்கலை."

"இதை ஏன் போலீஸ்ல சொல்லலை?"

"அவங்க கேக்கலையே, மாஸ்."

சஹாத் துள்ளி எழுந்தான். பின்பக்கம் முழுக்கப் புழுக்கை, கவலைப்படவில்லை. "இபு, கேட்டீங்களா? நிஜமாவே வெள்ளம் வந்திருக்கு. தகவல் வந்திருக்கு, சங்கு ஊதலை, கையில இருந்ததை வச்சு அவ ஊதியிருக்கா. அது பொய்ச் சங்கே இல்லை."

ஹெஸ்தி முழுக்கையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை எந்த நேரத்துல?" என்றார் பிறகு.

"மதியம். தொழுகை நேரம்."

"அந்த நேரத்துல ஆத்துல யார் இருப்பாங்க?"

"யாரும் இருக்க மாட்டாங்க. எல்லாரும் பள்ளிவாசல்ல…" சஹாத் நிறுத்தினான். "ஙாதியோ மட்டும் லாரி காத்துக்கிட்டிருக்குன்னு போகலை."

"மழைக்குக் கிழமை பாக்கத் தெரியாது," என்றார் ஹெஸ்தி. காவல் நிலையத்துக்கு விடு என்று கையைக் காட்டினார்.

*

காவல் நிலையத் தாழ்வாரத்தில் லிந்தாங் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரோ அவளுக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு டம்ளர் டீ கொடுத்திருந்தார்கள். அதில் எறும்பு மிதந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு. சஹாத்தைப் பார்த்ததும் எழுந்து, அவன் பேன்ட்டைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"உன் ஆடு என்னை ஜெயிச்சுடுச்சு," என்றான் அவன்.

சிரிப்பு நின்றது. அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் டானாங் வாசலில் வந்து நின்றார். கையில் பேனா. கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் கல்லூரியில் படிக்கும் ஒரு மகள் உண்டு. "எழுதிக்கலாமா இபு?" என்றார். ஹெஸ்தி கையை லேசாக உயர்த்தி, சஹாத்தைக் காட்டினார். கேட்கவேண்டியது அவன்தான் என்று அதற்கு அர்த்தம். வாழ்க்கையில் முதல்முறையாக சஹாத்துக்குக் கேட்பதில் விருப்பம் இல்லாமல் போனது.

"டாக்டர் வார்தோயோகிட்ட இந்த ஓட்டையைப் பத்திச் சொன்னே இல்லையா?" என்றான்.

"சொன்னேன், பாங். நாலு தடவை. நாங்க வெளியில சொல்றதுக்கு முன்னாடி உரியவங்ககிட்ட சொல்லிட்டுக் காத்திருக்கணும். அதுதான் எங்க முறை. ஒவ்வொரு தடவையும், நல்ல யோசனை, பார்க்கலாம்னாரு."

"அப்புறம் மழைக்காலம் வந்துடுச்சு."

அவள் தலையசைத்தாள்.

சஹாத் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டான். குரலைத் தாழ்த்தவில்லை, டானாங்குக்குக் கேட்க வேண்டும் என்றுதான் பேசினான். "லிந்தாங், காஸ்தி எல்லாம் சொல்லிட்டாரு. அன்னைக்கு மேல இருந்து தண்ணி இறங்குதுன்னு ரேடியோவுல தகவல் வந்திருக்கு. கட்டுப்பாட்டு அறை அசையலை. நிஜமாவே தடுப்பணை வரைக்கும் வந்திருக்கு. அந்த நேரத்துல யார் ஊதியிருந்தாலும் ஊரைக் காப்பாத்தத்தான் ஊதியிருப்பாங்க. எந்தக் கோர்ட்டும் அதைத்தான் சொல்லும்."

கதவை அகலத் திறந்து வைத்துவிட்டான். அவள் ஒரு 'ஆமாம்' சொல்லி நடந்து வெளியே போக வேண்டியதுதான் பாக்கி. டானாங் பேனா மூடியைக் கழற்றினார். ஹெஸ்தி ஆற்றின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

லிந்தாங் டம்ளரிலிருந்து எறும்பை விரல் நுனியால் எடுத்துக் கீழே விட்டாள். அது நனைந்த காலோடு தள்ளாடிப் போனது.

"ஙாதியோவோட அக்காவைப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"நான் கேட்டதுக்கு முதல்ல நீ சொல்லு. தகவல் வந்த பிறகுதானே அழுத்தினே?"

அவன் குரல் கெஞ்சியது. அது அவனுக்கே கேட்டது. அவள் நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள். ஐந்து நாளில் முதல்முறை.

"இல்லை, பாங். முன்னாடியே அழுத்திட்டேன். மேல மழை பெய்யுதுன்னே எனக்குத் தெரியாது. ஆத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்கன்னு நினைச்சேன், ஒரே ஒரு தடவை ஊதிக் காட்டிட்டா சரி பண்ணிடுவாங்கன்னு நினைச்சேன். நான்தான் அழுத்தினேன்."